மூன்றாவது மூடி

பழைய சாமான் கடைக்காரர்கள் மத்தியில் அவளுக்குப் பெயர் பல்லுக்காரம்மா. பல் வேலையை விட்டு எட்டு வருடமாகிறது. பெயர் மட்டும் விடவில்லை. "பீங்கான் மூடி உடைஞ்சுபோச்சா? பல்லுக்காரம்மாகிட்டக் குடுங்க" என்று கடைக்காரர் சொன்னால், வந்தவர் ஒரு நிமிடம் முழிப்பார். மூடிக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. இருபத்திரண்டு வருடம் ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து அறையில் உட்கார்ந்து அவள் செயற்கைப் பல் செய்தாள். நோயாளிகள் முன்வாசல் வழியாக வந்து அதே வழியாகப் போய்விடுவார்கள். அவர்களுடைய வாயின் அச்சு மட்டும், மேலே ஒரு எண்ணோடு, பின்பக்கத்துக்கு வரும். பீங்கான் மாவைத் தண்ணீரில் குழைத்து, மெல்லிய தூரிகையால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, சின்ன உலையில் வைத்துச் சுடுவாள். சுடும்போது மாவு ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். அதனால் வேண்டிய அளவைவிடப் பெரிதாகத்தான் செய்ய வேண்டும். மிச்சத்தை உலை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட வேண்டும். வெள்ளையில் மட்டும் பதினாறு வெள்ளை அவளுக்குத் தெரியும். பல்லின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத அளவு நீலம் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் அது செத்த பல் மாதிரி இருக்கும் என்பதை யாரும் சொல்லித்தராமல் அவளே கண்டுபிடித்தாள். மூவாயிரம் வாய்க்காவது பல் செய்திருப்பாள். அந்த மூவாயிரத்தில் ஒருவர் சிரித்தும் அவள் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரி பெரிய கட்டடத்துக்கு மாறியபோது பழைய உலையை அங்கேயே போட்டுவிட்டுப் போகப் பார்த்தார்கள். அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த உலைக்குள் ஒரு ஆரஞ்சுப் பழத்தைவிடப் பெரிதாக எதுவும் போகாது. ஆகவே மூடி, மூடியின் குமிழ், தேநீர்க் கெண்டியின் மூக்கு, கோப்பையின் காது என்று சின்னச் சின்ன உறுப்புகள்தான் அவள் தொழில். பெரிய ஜாடியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள்.

வீடு இரண்டாம் மாடியில், இரண்டே அறை. கீழே சாவிக் கடை. சாவி அறுக்கும் சத்தம் பகல் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும். சாயங்காலம் அது நின்றதும்தான் இவ்வளவு நேரம் சத்தம் இருந்தது என்பதே தெரியும்.

முன்பு தங்கையும் அவளும் சேர்ந்துதான் இருந்தார்கள். கல்யாணம் என்ற பேச்சையே இருவரும் மறந்திருந்த சமயத்தில், நாற்பத்திமூன்று வயதில் தங்கைக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை மனைவியை இழந்தவர், நல்ல மனிதர், ஆறு மணி நேரப் பயணத் தூரம். தங்கை போனபிறகு வீட்டில் ஒரு நாற்காலி மிச்சமானது. அதன்மேல் அட்டைப்பெட்டிகள் ஏறிக்கொண்டன. தங்கை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோன் செய்வாள். மற்ற ஆறு நாளும் அவள் வாயைத் திறப்பது கடைக்காரர்களிடம் "எப்ப வேணும்?" என்று கேட்கத்தான்.

இப்படியிருக்க, ஒரு வியாழக்கிழமை நாலு மணி பத்து நிமிடத்துக்கு ஒருவர் மாடிப்படி ஏறி வந்தார். அறுபதைத் தாண்டியவர். சட்டைக் கை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருந்தது. கையில் சாப்பாட்டுப் பை.

"பல்லுக்காரம்மா வீடு இதுதானே?"

"பல்லு வேணும்னா ஆஸ்பத்திரிக்குப் போங்க. மூடி வேணும்னா உள்ள வாங்க."

"மூடிதாம்மா வேணும். பல்லு எல்லாம் இருக்கு."

"மேல் வரிசையில ஒண்ணு உங்களோடது இல்ல" என்றாள் அவள். வாய் முந்திக்கொண்டது. அந்த ஒரு பல் மற்றவற்றைவிட ஒரு நிறம் கூடுதல் வெள்ளை. யாரோ அவசரத்தில் செய்த வேலை.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பன்னெண்டு வருஷமா என் வீட்ல இருக்கிறவங்களுக்கே தெரியாது. நீங்க வாசல்லயே பிடிச்சிட்டீங்க."

உட்காரச் சொல்ல நாற்காலி இல்லை. பெட்டிகளை இறக்கி, துடைத்து, நகர்த்திப் போட்டாள். அவர் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு தூபக்கிண்ணம்.

உள்ளங்கைக்குள் உட்காரும் அளவு. உருண்டை வயிறு, கட்டை குட்டையாக மூன்று கால். வெள்ளையின்மேல் நீலத்தில் அலைகள். அலைகளுக்கு மேலே இரண்டு குட்டிப் பறவைகள் ஒன்றையொன்று துரத்தின. தூரிகை எங்கே தயங்கி நின்றதோ அங்கே நீலம் கொஞ்சம் தேங்கிக் கறுத்திருந்தது. வரைந்தவன் அவசரக்காரன் இல்லை, ஆனால் இரண்டாவது பறவையின் இறக்கைக்கு வரும்போது அவனுக்குப் பசி வந்திருக்கிறது என்று அவள் நினைத்தாள். உள்பக்கம் பூச்சு இல்லாமல் சொரசொரவென்று, புகை குடித்துப் பழுப்பேறி இருந்தது. மூடி இல்லை.

"ஜப்பான் சாமான்" என்றார் அவர். "எங்கப்பா கப்பல்ல சமையல்காரர். ஏதோ துறைமுகத்துல ஒரு கிழவிகிட்ட வாங்கினாராம். 'நூறு வருஷம்'னு விரலக் காட்டினாளாம். கிண்ணத்தோட வயசச் சொன்னாளா, தன் வயசச் சொன்னாளான்னு அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் சந்தேகம்."

"மூடி எங்க?"

"உடைஞ்சுபோச்சு. ரொம்ப வருஷமாச்சு." அதற்குமேல் சொல்லவில்லை. மூடி எப்படி இருந்தது என்று ஒரு தாளில் வரைந்து காட்டினார். மேடான மூடி, புகை போக ஏழு துளை, உச்சியில் கூம்பு மாதிரி குமிழ். வரைந்ததைப் பார்த்தால் நேற்றுதான் பார்த்தவர்போல இருந்தது.

"வியாழக்கிழமை ஒரு வேலையா இந்தப் பக்கம் வருவேம்மா. ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் நடுவுல அம்பது நிமிஷம் கிடைக்கும். வந்து பாத்துட்டுப் போறேன்."

அடுத்த வியாழன் சரியாக நாலு பத்துக்கு வந்தார். மூடியைச் சுட்டதில் குறுக்கே விரிசல் விட்டிருந்தது. உள்ளதைச் சொன்னாள். அவர் இரண்டு துண்டையும் கையில் வாங்கி, பொருத்திப் பார்த்து, "அழகாத்தான் உடைஞ்சிருக்கு" என்றார். அவள் டீ போட்டாள்.

அவர் முப்பத்தைந்து வருடம் பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்தவர். ஒரு சின்னக் கூண்டு, ஒரு கடிகாரம், ஒரு நோட்டு.

"என் வாழ்க்கையில நான் எழுதினது ரெண்டே வார்த்தைதாம்மா. 'வந்தது', 'போனது'. எழுதத் தெரியாதவன்கூட இதைவிட நாலு வார்த்தை கூட எழுதியிருப்பான்."

"லேட்டா வந்தா?"

"அதுக்கும் 'வந்தது'தான். எவ்வளவு லேட்டுன்னு எழுதறதோட சரி, ஏன் லேட்டுன்னு எழுத நோட்டுல இடமே கிடையாது. ஒரு டிரைவர் இருந்தார். லேட்டா வந்தா நேரா என் கூண்டுக்கு வந்து கதை சொல்லுவார். ஒரு நாள் எருமை படுத்திருந்தது, ஒரு நாள் மாமியார் ஏறினாங்க. நான் 'அண்ணே, நோட்டுல இடமில்ல'ன்னா, 'உன் மனசுல எழுதிக்கடா'ம்பார்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த சத்தம் அந்த அறைக்கு என்னவோபோல இருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ சிரித்த மாதிரி. நாலு ஐம்பதுக்கு எழுந்தார். "வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

மூன்றாவது வியாழன் இரண்டாவது மூடி தயாராக இருந்தது. விரிசல் இல்லை, ஆனால் அதிகமாகச் சுருங்கிவிட்டது. கிண்ணத்தின் வாயில் வைத்தால் உள்ளே இறங்கி லொடலொடவென்று ஆடியது. அதையும் உள்ளபடியே சொன்னாள். "பரவால்லம்மா, நிதானமா பண்ணுங்க" என்றார் அவர். அன்று அவள் தன் கதையைச் சொன்னாள். மூவாயிரம் வாய், ஒரு சிரிப்புகூடப் பார்க்காதது எல்லாம். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்ததும் வாயைப் பெரிதாகத் திறந்து, ஒட்டுப் பல் தெரிய இளித்துக் காட்டினார்.

"இது நான் செஞ்சது இல்ல" என்றாள் அவள், கொஞ்சம் கோபமாக.

"தெரியும்மா. இருந்தாலும் கணக்குல ஒண்ணு சேத்துக்குங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்றாவது மூடியை உலையிலிருந்து எடுத்தாள். இந்தத் தடவை அளவெடுத்த முறையே வேறு. கிண்ணத்தின் வாய் உண்மையில் வட்டமில்லை. எந்தக் காலத்திலோ எந்த உலையிலோ ஒரு பக்கம் லேசாக ஒதுங்கியிருக்கிறது. அந்த ஒதுங்கலையும் சேர்த்து மெழுகில் அச்செடுத்துச் செய்திருந்தாள். ஆறியபின் கிண்ணத்தின்மேல் வைத்துத் திருப்பினாள். ஒரு இடத்தில் மூடி தானாக உட்கார்ந்தது. தலைகீழாகப் பிடித்தால்தான் விழும், ஆட்டினால் அசையாது. வெள்ளையும் வெள்ளையும் எங்கே சேர்கிறது என்று அவளே தேட வேண்டியிருந்தது. மூடிமேல் அலைகளின் நுனிச் சிதறலை நீலத்தில் வைத்திருந்தாள். தூரிகை தயங்க வேண்டிய இடங்களில் தயங்கியிருந்தது.

தங்கை ஃபோன் செய்தபோது அவள் இன்னும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"மூடி உக்காந்துடுச்சுடி" என்றாள், எடுத்த எடுப்பில்.

"எந்த மூடி? ஓ, உன் டைம்கீப்பர் மூடியா?"

"என் டைம்கீப்பரா? வாயக் கழுவு."

"நீ மூணு வாரமா அவர் சொன்ன கதைய எனக்குச் சொல்றே. மாமியார் பஸ்ல ஏறின கதைய என் வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சார். சரி, வர்ற வியாழன் குடுத்துடுவே. அதோட அவர் வரமாட்டார். அப்புறம் ஞாயித்துக்கிழமை நீ எனக்கு என்ன கதை சொல்லுவே? கீழ சாவி அறுக்கிறவன் கதையா?"

தங்கை விளையாட்டாகத்தான் சொன்னாள். அவளும் ஏதோ பதில் சொல்லி ஃபோனை வைத்தாள். வைத்தபிறகு மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். மூடி கிண்ணத்தின்மேல் அசையாமல் இருந்தது. அதுவரை அவளுக்கு அது தோன்றவே இல்லை: வேலை முடிந்தால் மனிதரும் முடிந்துவிடுவார்.

வியாழக்கிழமை காலை மூன்றாவது மூடியைப் பஞ்சில் சுற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்தாள். கிண்ணத்தின்மேல் இரண்டாவது மூடியை வைத்தாள்.

"இன்னும் சரியா வரல சார்" என்றாள் நாலு பத்துக்கு.

அவர் மூடியைத் தொட்டார். லொடலொடவென்றது. "ஆமா" என்றார். டீ குடித்தார்கள்.

அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஆனால் இந்த ஒரு பொய் வாயில் சுலபமாக வந்தது. ஏனென்றால் இருபத்திரண்டு வருடம் பின்பக்கத்து அறையில் அவள் உண்மையாகவே சொல்லிவந்த வார்த்தை இதுதான். டாக்டர்கள் அவசரப்படுத்தும்போதெல்லாம் "இன்னும் சரியா வரல" என்பாள். அதற்காகவே அவளை மதித்தார்கள். அந்த மதிப்பை எடுத்து இப்போது வேறு காரியத்துக்குச் செலவழித்தாள்.

ஐந்தாவது வியாழன், நீலம் ஒரு இழை தூக்கலாக இருக்கிறது என்றாள். ஆறாவது வியாழன், துளையின் ஓரம் கூராக நிற்கிறது என்றாள். சொல்வதோடு நிற்கவில்லை, அவர் போனபின் இழுப்பறையைத் திறந்து, மூன்றாவது மூடியைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, நிஜமாகவே ஏதாவது குறை கிடைக்காதா என்று தேடினாள். ஒரு குறை கிடைத்தால் பொய் பொய்யாக இருக்காது. கிடைக்கவில்லை. தன் கைவேலையில் குறை இல்லை என்பதற்காக அவள் வருத்தப்பட்டது அதுதான் முதல் தடவை.

அவர் ஒரு நாளும் அவசரப்படுத்தவில்லை. ஆறாவது வாரம் மட்டும் கிளம்பும்போது வாசலில் நின்று, "இந்த மாசத்துக்குள்ள முடிஞ்சிடுமாம்மா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, கேட்டதற்கு வெட்கப்படுகிறவர்போல, "சும்மாத்தான் கேட்டேன்" என்று படி இறங்கிவிட்டார்.

ஏழாவது வியாழன் நாலு பத்து ஆனது. நாலு கால் ஆனது. டீ ஆறியது. நாலரைக்குப் படியில் காலடி கேட்டது. அவர் லேட்டாக வந்து அவள் பார்த்ததில்லை. உள்ளே வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூடி முடியலன்னாலும் பரவால்லம்மா. கிண்ணத்தை அப்படியே குடுத்துடுங்க."

"ஏன் சார்? என்ன ஆச்சு?"

"எங்கக்காவுக்குத்தாம்மா அது. வியாழக்கிழமை வேலையா வர்றேன்னு சொன்னேனில்ல? வேலையில்ல. அக்கா இங்க முதியோர் இல்லத்துல இருக்காங்க. போன வருஷம் பக்கவாதம் வந்து ஒரு கை போச்சு. இன்னொரு கை நல்லா இருந்தது, பேச்சும் இருந்தது. செவ்வாய்க்கிழமை மறுபடி வந்துடுச்சு. இப்ப பேச்சு இல்ல."

ஆறிய டீயை அவள் ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"அந்த மூடிய உடைச்சது நான்" என்றார் அவர். கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னார், அவளைப் பார்க்கவில்லை. "ஏழு வயசு. மூடியக் கவுத்து, குமிழ் கீழ இருக்கிற மாதிரி வெச்சுச் சுத்தினா, பம்பரம் மாதிரி சுத்தும். ஏழு துளையும் சேர்ந்து ஒரே வளையமாத் தெரியும். தினம் அப்பா இல்லாத நேரம் சுத்துவேன். ஒரு நாள் மேஜைய விட்டுப் போயிடுச்சு. அக்காவுக்குப் பதினாலு. அப்பா வந்து கேட்டப்ப, 'தொடைக்கும்போது கை நழுவிடுச்சுப்பா'ன்னுட்டாங்க. அப்பா அடிக்கல. அன்னையிலேருந்து அக்காவுக்குப் பேரு 'ஓட்டக்கையி'. அப்பாதான் ஆரம்பிச்சார், அப்புறம் ஊரே கூப்பிட்டுச்சு. விருந்தாளி வந்தா கண்ணாடி டம்ளர அக்கா கையில குடுக்க மாட்டாங்க. கல்யாணமாகிப் போன வீட்லயும் அந்தப் பேரு போச்சு. எல்லாரும் சிரிப்பாங்க, அக்காவும் சிரிப்பாங்க. நானும் சிரிச்சிருக்கேன்மா. அம்பத்தாறு வருஷம், 'நான்தான்'னு ஒரு வார்த்தை சொல்லல."

கீழே சாவி அறுக்கும் சத்தம் கேட்டது, நின்றது.

"முழுசாக் கொண்டுபோய், எல்லார் முன்னாடியும் அக்கா கையில குடுத்து, அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். வெறுங்கையோட போய்ச் சொல்ல வாய் வரல. அதான்... சரி, மூடி இல்லாமயே கொண்டுபோறேன்."

இழுப்பறை அவள் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. கையை நீட்டினால் போதும். நீட்டினால், "இது எப்ப முடிஞ்சது?" என்று கேட்பார்.

"சனிக்கிழமை வாங்க சார்" என்றாள். "சனிக்கிழமை கண்டிப்பா முடிச்சிடறேன். ரெண்டு நாள்."

அவர் யோசித்தார். ஏமாற்றத்தை அடக்கிக்கொண்டு தலையாட்டினார். "நீங்க சொன்னா சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காலடிச் சத்தம் கடைசிப் படியைத் தாண்டும்வரை அவள் உட்கார்ந்திருந்தாள். செவ்வாய்க்கிழமை வரைக்கும் பேச்சு இருந்தது. அதற்கு முன் மூன்று வியாழன். அந்த மூன்று வியாழனும் ஒரு நல்ல கை இருந்தது, ஒரு வாய் இருந்தது, கேட்பதற்குக் காது இருந்தது. முடிந்த மூடி பஞ்சுக்குள் இருந்தது. இன்னும் இரண்டு நாள் என்று தன் வாயாலேயே சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

எழுந்தாள். கிண்ணம் சுற்றி வந்த துண்டைத் தேடினாள், கிடைக்கவில்லை. மேசையில் கிடந்த துடைக்கிற துணியில் கிண்ணத்தைச் சுற்றினாள். மூடியைப் பஞ்சோடு இடது கையில் பிடித்தாள். வீட்டுச் செருப்போடு படி இறங்கினாள். தெருவில் அவள் வேகமாக நடந்தே பல வருடம் ஆகிறது; ஓடியது எப்போது என்று நினைவில்லை. சாவிக் கடைக்காரன் எட்டிப் பார்த்து, "என்னம்மா, தீப்பிடிச்சிருச்சா?" என்று கத்தினான்.

அவர் நிறுத்தத்தில் தனியாக நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் இரண்டடி முன்னால் வந்தார்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. துணியைப் பிரித்து, மூடியை எடுத்து, கிண்ணத்தின்மேல் வைத்துத் திருப்பினாள். உட்கார்ந்தது. அவர் கையில் கொடுத்தாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார். கட்டைவிரலால் துளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டார், ஏழுவரை. முகத்தில் ஏழு வயதுப் பையன் ஒருவன் வந்துபோனான்.

"இப்பவா முடிச்சீங்க?" என்று கேட்டார். சந்தோஷத்தில் கேட்ட கேள்விதான்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார்.

"இல்ல சார். மூணு வாரத்துக்கு மேலாச்சு."

"மூணு வாரமா?"

"முடிச்சு உள்ள வெச்சிருந்தேன். உங்களுக்குக் காட்டினது பழசு."

"ஏம்மா?"

அவள் செருப்பைப் பார்த்தாள். ஒரு செருப்பின் வார் பாதி கழன்றிருந்தது. "குடுத்துட்டா நீங்க வரமாட்டீங்கன்னுதான்."

அவர் அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். லேட்டாக வந்த பஸ்ஸை எத்தனையோ வருடம் பார்த்தாரே, அப்படிப் பார்த்தார். எவ்வளவு லேட் என்று மட்டும் குறித்துக்கொள்கிற பார்வை. பஸ் வந்தது. கிண்ணத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கம்பியைப் பிடிக்கக் கையில்லாமல், தடுமாறி ஏறினார். ஒவ்வொரு வியாழனும் "வர்றேம்மா" என்று சொல்லிப் போகிறவர் அன்று அதைச் சொல்லவில்லை. வண்டி அவள் முன்னால் திரும்பி, முதியோர் இல்லம் இருக்கும் திசைக்கே போனது. அவர் வீடு அந்தப் பக்கம் இல்லை.

அடுத்த வியாழன் நாலு பத்துக்கு யாரும் வரவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை. தங்கையிடம் வேலை முடிந்தது, கொடுத்தாயிற்று என்று மட்டும் சொன்னாள். "நல்லா இருந்துச்சாமா?" என்று தங்கை கேட்டதற்கு, "தெரியல" என்றாள்.

அந்தத் தெரியல என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பத்து நாள் பொறுத்தாள். வேலைச் சீட்டில் அவர் நம்பர் இருந்தது. பதினோராவது நாள் காலை, கீழே கடை திறக்கும் முன், ஃபோன் செய்தாள்.

"நான்தான் சார். பல்லுக்காரம்மா."

"சொல்லுங்கம்மா."

"அக்கா... பாத்தாங்களா?"

"பாத்தாங்க" என்றார். "அன்னைக்கே கொண்டுபோனேன். கையில வெச்சேன். விரல் மூடல. நான் என் கையையும் சேத்து வெச்சுப் பிடிச்சேன். எல்லாத்தையும் சொன்னேன். கண்ணு கிண்ணத்துமேலயே இருந்தது. கேட்டுச்சா, இல்லையான்னு தெரியல."

"சார், நான்..."

"அந்தச் செவ்வாய்க்கு முந்தின ஞாயித்துக்கிழமைகூடப் பேசிட்டிருந்தாங்கம்மா. கஞ்சி ஆறிடுச்சுன்னு நர்ஸோட சண்டை போட்டாங்க." குறை சொல்லும் குரல் இல்லை அது. எது எப்போது வந்தது, எது எப்போது போனது என்று சொல்கிற குரல்.

"நான் வந்து அவங்களப் பாக்கலாமா?" என்றாள். கேட்க வேண்டும் என்று நினைத்து வைத்திருந்த கேள்வி அல்ல, அதுவாக வந்தது.

"இப்ப வேண்டாம்மா" என்றார் அவர், தன்மையாக. பிறகு, "மூடி நல்லா வந்திருக்கு. நிஜமாவே நல்லா வந்திருக்கு" என்றார். ஃபோனை வைத்துவிட்டார்.

அவள் மேசையில் உட்கார்ந்தாள். முன்னால் ஒரு தேநீர்க் கெண்டி இருந்தது. அதன் மூக்கை முந்தின நாள் ஒட்டிக் காயவைத்திருந்தாள். கெண்டிக்குச் சொந்தக்காரி அடுத்த திங்கட்கிழமைதான் வருவதாகச் சொல்லியிருந்தாள். இவள் மூக்கை ஆட்டிப் பார்த்தாள், தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். முடிந்திருந்தது. சீட்டைத் தேடி எடுத்து, அந்த நம்பருக்கு ஃபோன் செய்தாள்.

"உங்க கெண்டி ரெடி. இன்னைக்கே வந்து எடுத்துக்குங்க."

"இவ்வளவு சீக்கிரமா? அவசரம் ஒண்ணும் இல்லம்மா. திங்கக்கிழமை நிதானமா வந்து, உங்களோட உக்காந்து கொஞ்சம் பேசிட்டு..."

"இல்லம்மா, இன்னைக்கே வாங்க" என்றாள். "நீங்க வர முடியலன்னா நான் கொண்டுவர்றேன். எந்தத் தெரு, சொல்லுங்க."